வாசலின் விட்டம்

சிட்டுக்குருவிகளுக்கென்று விநியோகிக்கப்படும் மரப்பெட்டிகளை உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். வாசலாக வெட்டப்பட்ட வட்டத் துவாரத்துக்குக் கீழே பல பெட்டிகளில் ஒரு சிறு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். பறவை பறந்து வந்து அதில் அமர்ந்து, சற்று நிதானித்து, பிறகு உள்ளே போகும் என்பது செய்தவரின் எண்ணம். பொந்தில் வாழும் பறவை எதற்கும் இந்தக் குச்சி தேவையில்லை. மரங்கொத்தி விட்டுப்போன பொந்துக்குக் கீழே யாரும் குச்சி நட்டு வைத்ததில்லை. துவாரத்தின் விளிம்பை நகங்களால் பற்றிக்கொண்டு அது நேராக உள்ளே போய்விடும். குச்சியால் உபயோகம் யாருக்காவது உண்டென்றால், வெளியே நின்றபடி உள்ளே கழுத்தை நீட்டிக் குஞ்சை இழுக்கப் பார்க்கும் காக்கைக்குத்தான். ஆனாலும் குச்சி இருக்கிறது. ஏனென்றால் நம் மனத்திலுள்ள பறவைவீட்டுப் படத்தில் குச்சி இருக்கிறது. சாய்ந்த கூரை, முன்பக்கம் வர்ணத்தில் எழுதிய ஒரு ஜன்னல், வாசலுக்கு ஒரு படி. மனிதன் தன் வீட்டைச் சிறிதாக்கி மரத்தில் மாட்டியிருக்கிறான். உள்ளே போக வேண்டிய ஜீவனைவிட வெளியே நின்று பார்க்கிறவனே அங்கு முக்கியம்.

பெட்டி செய்கிற பிள்ளைகளைப் பரிகசிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நம் கவிதைகளில் வந்துபோகும் குருவிகளில் பலவும் இந்தக் குச்சியில் உட்கார்ந்திருப்பவைதாம். கவிஞனின் துக்கத்துக்கோ விடுதலை வேட்கைக்கோ ஒரு இருக்கை தேவைப்படுகிறது. குருவி வந்து உட்கார்ந்து காரியத்தை முடித்துக்கொடுத்துவிட்டுப் பறந்துபோகிறது. அது என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் குச்சி ஒரு அறவியல் பிரச்னையின் ஸ்தூல வடிவம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறிதோர் உயிருக்காக ஒன்றைச் செய்கிறோம் என்று சொல்லும்போது, செய்யப்படுகிற பொருளில் அந்த உயிரின் தேவை எவ்வளவு, நம்மைப் பற்றிய நம் அபிப்பிராயம் எவ்வளவு? இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழி ஏதேனும் உண்டா?

2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவரின் முயற்சியில் தொடங்கிய வழக்கம். எங்கள் ஊரிலும் அப்படியொரு கூட்டம் நடந்தது. கிளையிலிருந்து இருவர் போக வேண்டும் என்று சொல்லப்பட்டதால் நானும் போனேன். பெட்டிகள் வழங்கினார்கள். பெட்டியின் நெற்றியில் வழங்கிய ஸ்தாபனத்தின் சின்னம், வாசல் துவாரத்தைவிடப் பெரிதாக. பேசியவர்கள் எல்லோரும் செல்போன் கோபுரங்களைத் திட்டினார்கள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். திட்டியவர்களின் சட்டைப் பைகளில் செல்போன்கள் அவ்வப்போது ஒலித்தன. இதை நான் முரண்நகையாகச் சொல்லவில்லை, அது மலிவான முரண்நகை. நான் கவனித்தது வேறு. அங்கே ஒருவரும் ஒருவரையும் மறுக்கவில்லை. கோபுரம் என்ற எதிரி மேடையில் இல்லை, கூட்டத்திலும் இல்லை. எல்லோரும் ஒருபக்கமாகவே உட்கார முடிந்த சபை அது.

கடைசியில், கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும், பஜாரில் அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி எழுந்தார். "முன்னெல்லாம் கடைக்கு முன்னால மூட்டைய அடுக்கி வச்சிருப்போம். குத்தூசி போட்டுச் சாம்பிள் எடுக்கையில கொஞ்சம் சிந்தும். சாக்கு ஓட்டையில கொஞ்சம் சிந்தும். அதத்தான் அதுக தின்னுச்சு. இப்ப எல்லாம் பிளாஸ்டிக் பை. நாங்களும் தினம் ரெண்டு தடவ கூட்டிப் பெருக்கிடுதோம், எலி வருதுன்னு. அப்ப நாங்கதான சார் விரட்டினோம்?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் சிரித்து, அண்ணாச்சியின் நல்ல மனசைப் பாராட்டி, நன்றியுரைக்குப் போய்விட்டார். அந்தச் சாயங்காலம் முழுவதிலும் பேசப்பட்ட ஒரே பேச்சு அதுதான். மற்றவை உச்சரிக்கப்பட்டவை.

அண்ணாச்சி சொன்னதற்குப் பழைய சாட்சி ஒன்று நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகையில் மாமலாடனார் பெயரிலுள்ள பாட்டில் வீட்டுக்குருவி வருகிறது. பாட்டின் விஷயம் பிரிவு, மாலைப்பொழுதின் தனிமை. அதைப் பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. நான் சொல்வது அந்தக் குருவிக்கு அவர் கொடுத்திருக்கும் தினசரி வாழ்க்கையை. அது வீட்டு முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்கிறது. ஊர்ப்பொதுவான மன்றத்தில் கிடக்கும் எருவின் புழுதியில் குடைந்து குளிக்கிறது. பிறகு வீட்டு இறப்பில் குஞ்சோடு தங்குகிறது. மூன்று இடங்கள். ஒன்று வீட்டுக்கு முன்னால், ஒன்று ஊருக்கு நடுவில், ஒன்று கூரைக்கு அடியில். ஒன்று ஒரு குடும்பத்தின் கவனக்குறைவு, ஒன்று ஊரின் பொதுச்சொத்து, ஒன்று கட்டடக்கலையின் விரிசல். நம் மரப்பெட்டி இவற்றில் மூன்றாவதை மட்டும், அதுவும் மற்ற இரண்டிலிருந்தும் அறுத்தெடுத்து, விலைக்கோ இலவசமாகவோ தருகிறது. முற்றத்துக்கு டைல்ஸ் போட்டாயிற்று. மன்றத்துக்கு சிமெண்ட். மன்றம் என்ற சொல்லே இன்று பெயர்ப்பலகையும் தலைவரும் உள்ள ஒன்றைத்தான் குறிக்கிறது. புழுதிக்கு அங்கே இடமில்லை. அந்தக் கவிஞர் சூழலியல் எதுவும் கற்றவர் அல்லர். ஆனால் குருவி ஒரு இடத்தில் வாழ்வதில்லை, இடங்களுக்கிடையே வாழ்கிறது என்பது அவருக்குக் கண்ணால் தெரிந்திருந்தது.

லண்டனில் இது எண்ணிக்கையாகவே கிடைக்கிறது. கென்சிங்டன் பூங்காவில் 1925ல் மாக்ஸ் நிக்கல்சன் என்ற இளைஞர் சிட்டுக்குருவிகளை எண்ணினார். 2,603. பிற்பாடு பிரிட்டனின் இயற்கைப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பெரிய பெயரானவர் அவர். அதே பூங்காவில் 1948ல் 885. 1975ல் 544. 1995ல் 46. 2000ல் 8. அந்த வருஷம் 'தி இண்டிபெண்டண்ட்' பத்திரிகை, குருவிகள் ஏன் மறைந்தன என்பதை விஞ்ஞான ரீதியில் விளக்குபவருக்கு 5,000 பவுண்டு பரிசு என்று அறிவித்தது. நூறு விளக்கங்கள் கிளம்பின: பூனை, வல்லூறு, ஈயமில்லாத பெட்ரோல், புதுக் கூரைகள், மோட்டார் நிறுத்த வசதியாகத் தோட்டத்தில் கல் பாவியவர்கள். இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது அதன் குழப்பம். குற்றவாளியை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளாத குழப்பம்.

பிறகு லெஸ்டர் நகரில் கேட் வின்சென்ட் என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கான கூடுபெட்டிகளை மாட்டி, அவற்றில் பொரித்த குஞ்சுகளை எடைபோட்டுப் பார்த்தார். 2005ல் முடிந்த ஆய்வு. பெட்டிக்குக் குருவி வந்தது, முட்டை இட்டது, குஞ்சு பொரித்தது. சில நாட்களில் குஞ்சுகள் பல செத்தன, பிழைத்தவற்றில் சில எடை குறைந்து பறந்தன. வளர்ந்த குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் சில நாட்களுக்குப் பூச்சி வேண்டும்: செடிப்பேன், சிறு புழு, சிலந்தி. ஈரமும் புரதமும் உள்ள எதுவும். செடி இல்லாத, இருந்தாலும் மருந்தடித்த, அல்லது வெளியூரிலிருந்து கொண்டுவந்த அலங்காரச் செடி மட்டுமுள்ள நகரத்தில் தாய்க்குருவி ரொட்டித் துணுக்கையும் விதையையும் கொண்டுவந்து கொடுத்தது. குஞ்சு வயிறு நிறைந்து பட்டினி கிடந்தது.

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பெட்டி இங்கே தோற்றது என்று சொல்லலாம். தோற்றதனாலேயே உபயோகப்பட்டது என்றும் சொல்லலாம். அந்தப் பெட்டிகள் வைக்கப்படாதிருந்தால் குஞ்சுகள் எங்கோ ஓட்டுக்கடியில், யார் கண்ணிலும் படாமல் செத்திருக்கும். தானம் கொடுக்கும் பெட்டிக்கும் கேள்வி கேட்கும் பெட்டிக்கும் பலகையில் வித்தியாசம் கிடையாது. கேட்கிற பெட்டிக்கு மேல்மூடி திறக்கும், அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள வைதம் காட்டில் 1947லிருந்து இப்படிப்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. டேவிட் லாக் என்ற பறவையியலாளர் தொடங்கிவைத்தது. பட்டாணிக்குருவிகள் எந்தத் தேதியில் முதல் முட்டை இடுகின்றன என்று வருஷா வருஷம் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பேரேடு எழுதுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். ஒரு வருஷத்துப் பதிவுக்கு அர்த்தமில்லை. எழுபது வருஷத்துப் பதிவைச் சேர்த்துப் பார்த்தால், 1960களோடு ஒப்பிட அந்தக் குருவிகள் இன்று ஏறக்குறைய இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ முன்னதாக முட்டையிடுகின்றன என்று தெரிகிறது. வசந்தம் சூடாகிவிட்டது, புழுக்கள் முந்திக்கொண்டன, குருவியும் முந்த வேண்டியதாயிற்று. பருவநிலை மாறுகிறதா என்று மனிதர்கள் மாநாடுகளில் வாதாடிக்கொண்டிருந்த காலம் முழுவதும் மரத்தில் மாட்டிய ஒரு பெட்டிக்குள் பதில் தேதி வாரியாக எழுதப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நம் பக்கத்து நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். 2020ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதுமாக எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி கடந்த 25 வருஷங்களில் பெரிதாகக் குறைந்துவிடவில்லை என்றும், சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத் ஆகிய பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும் சொல்லிற்று. செல்போன் கோபுரத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை என்றும் சொல்லிற்று. இது சந்தோஷமான செய்தி அல்லவா? ஆனால் குருவி தினக் கூட்டங்களில் இதை நான் கேட்டதில்லை. குருவி அழிந்துகொண்டிருப்பது நமக்கு ஏதோ ஒருவிதத்தில் தேவைப்படுகிறது. ஓட்டு வீடும் கூட்டுக் குடும்பமும் பாட்டி சொன்ன கதையும் போய்விட்டன என்ற பொதுத் துக்கத்துக்கு அது கைக்கு அடக்கமான உருவம். அதே அறிக்கையில் குறைந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட மற்றப் பறவைகளின் பெயர்கள் நம் பால்ய ஞாபகத்தில் இல்லை. ஆகவே அவற்றுக்குத் தினமும் இல்லை, பெட்டியும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, பறவைக்கு வீடு கட்டுவதே ஒரு பம்மாத்து என்ற முடிவுக்கு வருவது சுலபம். அந்தச் சுலபத்தை நான் சந்தேகிக்கிறேன். இலக்கியச் சிற்றேடுகளில் எழுதுகிற எங்களுக்கு எதையும் நிராகரித்துவிட்டு எழுந்துபோகும் சௌகரியம் ஒன்று பழக்கமாகிவிட்டது.

வட அமெரிக்காவில் ஊதாத் தகைவிலான் என்று சொல்லத்தக்க ஒரு பறவை இருக்கிறது, பர்ப்பிள் மார்ட்டின். ஐரோப்பியர்கள் காலூன்றுவதற்கு முன்பிருந்தே அங்குள்ள பழங்குடியினர் இந்தப் பறவைக்காகச் சுரைக்குடுக்கைகளைத் துளையிட்டுத் தொங்கவிட்டார்கள். சாக்டா, சிக்காசா இன மக்கள் குடிசைக்கருகே ஒரு இளமரத்தின் கிளைகளைத் தறித்து, மிஞ்சிய முளைகளில் குடுக்கைகளை மாட்டியதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்ஸாண்டர் வில்சன் எழுதிவைத்திருக்கிறார். இன்று ராக்கி மலைகளுக்குக் கிழக்கே அந்தப் பறவை அநேகமாக முழுக்கவும் மனிதன் தரும் வீடுகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. மரப்பொந்துக்குத் திரும்பிப்போகும் வழக்கம் அதற்கு அற்றுப்போய்விட்டது. இப்போது யாராவது ஒரு தூய்மைவாதி, பறவையை அதன் இயல்பில் விட்டுவிடுவோம் என்று குடுக்கைகளை அவிழ்த்துவிட்டால் அது கொலை. தொடங்கிவிட்ட உதவியை நிறுத்த முடியாது. தென் அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் திரும்பி வரும் பறவை, போன வருஷத்துக் கம்பம் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறது. நம் குருவிப்பெட்டி விநியோகத்தில் இல்லாதது இந்தத் தொடர்ச்சிதான். மார்ச் 20க்கு மாட்டிய பெட்டியை மார்ச் 21ல் யார் பார்க்கிறார்கள்?

அதே கண்டத்தில் இன்னொரு கதை. நீலச்சிட்டு என்று அவர்கள் பிரியமாகக் கொண்டாடுகிற ஒரு பறவைக்கு மரப்பொந்துகள் போதாமல் போயின. பட்ட மரங்களை மனிதன் வெட்டியது ஒரு காரணம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட இரண்டு பறவைகள் மிச்சப் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது இன்னொரு காரணம். அவற்றில் ஒன்று ஸ்டார்லிங். 1890ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் யூஜின் ஷீஃபெலின் என்பவர் சுமார் 60 பறவைகளைத் திறந்துவிட்டார். (ஷேக்ஸ்பியரின் எழுத்தில் வரும் பறவைகள் அத்தனையும் அமெரிக்காவில் பறக்க வேண்டும் என்பது அவர் ஆசை என்று ஒரு கதை உண்டு. ஆங்கில இலக்கியம் படித்த எங்களுக்கு வகுப்பில் சொல்வதற்கென்றே செய்த மாதிரியான கதை. 2021ல் இரண்டு ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து, இதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை, பின்னால் வந்தவர்கள் கட்டியது என்று எழுதினார்கள். இலக்கியத்தின் மீது வீணாக விழுந்த பழிகளில் ஒன்று குறைந்தது.) இன்னொன்று, 1850களின் தொடக்கத்தில் ப்ரூக்ளினில் விடப்பட்டது. அது நம் சிட்டுக்குருவியேதான்.

1934ல் இல்லினாய் மாநிலத்தின் குவின்ஸி என்ற ஊரில் மஸ்ஸல்மன் என்பவர் சாலையோர வேலிகளில் நீலச்சிட்டுகளுக்கு வரிசையாகப் பெட்டி மாட்டத் தொடங்கினார். பிறகு லாரன்ஸ் ஸெலனி என்ற விஞ்ஞானி 1976ல் ஒரு புத்தகம் எழுதி, 1978ல் ஒரு சங்கமும் அமைக்க, ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் பெட்டி செய்தார்கள். நீலச்சிட்டு திரும்பியது. அந்தப் பெட்டியின் வாசலின் விட்டம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். இந்த அளவு ஏன்? நீலச்சிட்டு நுழையும், ஸ்டார்லிங் நுழைய முடியாது. ஆகவே அந்த வட்டம் வாசலாக இருக்கும்போதே கதவாகவும் இருக்கிறது. பிரிட்டனில் பெட்டி செய்கிறவர்களின் கணக்கும் இதே மாதிரியானது: நீலப் பட்டாணிக்குருவிக்கு 25 மில்லிமீட்டர், பெரிய பட்டாணிக்குருவிக்கு 28, சிட்டுக்குருவிக்கு 32, ஸ்டார்லிங்குக்கு 45. துளைக்கருவியைப் பலகையில் வைக்கிற கணத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானித்தாகிவிடுகிறது. எல்லோருக்குமான வாசல் ஒன்றைத் துளைக்கலாம்தான். அது அணிலுக்கும் மைனாவுக்கும் போய்ச்சேரும்.

ஆனால் 38 மில்லிமீட்டரில் ஸ்டார்லிங் மட்டும்தான் தடுக்கப்படும். சிட்டுக்குருவி தாராளமாக நுழையும். நுழைந்தால் நீலச்சிட்டின் முட்டைகளைக் கொத்தி உடைக்கும். சில சமயம் தாயையே பெட்டிக்குள் கொன்றுவிடும். ஆகவே அங்கே பெட்டி வைத்திருக்கும் நல்ல மனிதர்களுக்குச் சொல்லப்படும் யோசனை, சிட்டுக்குருவியின் கூட்டைப் பிய்த்து எறி, முட்டையை அழி, முடிந்தால் பறவையையே பிடித்துக் கொல் என்பது. 1918ல் இயற்றப்பட்ட பறவைகள் பாதுகாப்புச் சட்டம் அங்கே சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் பொருந்தாது. நாம் இங்கே எந்தப் பறவைக்காக நெற்றியில் சின்னம் பொறித்த பெட்டி தருகிறோமோ அதே பறவையை, நம்மைவிடக் குறையாத பறவைநேசம் உள்ளவர்கள் அங்கே பெட்டியிலிருந்து எடுத்துக் கழுத்தைத் திருகுகிறார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைச் செய்யலாம்; அல்லது கை நடுங்கி விட்டுவிட்டு, மறுநாள் உடைந்த நீல முட்டைகளைப் பார்க்கலாம். ஜீவகாருண்யம் என்று நாம் மொத்தமாகச் சொல்லும் சொல்லுக்கு இங்கே வேலையில்லை. எந்த ஜீவன், எந்த ஊரில், எதற்குப் பதிலாக?

இப்படி ஒரு தீர்மானம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்றால், தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி வந்துவிடுகிறது. பறவைவீடு பற்றி மனிதர்கள் பொதுவில் பேசிய மிகப் பெரிய பேச்சு, எனக்குத் தெரிந்தவரை, பிரான்ஸில் 1789ல் நடந்தது. அங்கே புறாமாடம் கட்டும் உரிமை நிலப்பிரபுக்களின் சலுகைகளில் ஒன்று. கல்லால் கட்டிய வட்டக் கோபுரம், உள்ளே நூற்றுக்கணக்கான மாடக்குழிகள். அழகானவை. பயணிகள் இன்றும் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிரபுவுக்குப் புறாக்கறி, தோட்டத்துக்கு எரு. புறாக்களுக்குத் தீனி? விதைத்த வயல்களிலிருந்து. குடியானவன் விதைப்பான், பிரபுவின் புறா பொறுக்கும், அதை அவன் கல்லெறிந்து கொல்லக்கூடாது. அந்த வருஷ வசந்தத்தில் கிராமம் கிராமமாக மக்கள் கூடி மன்னருக்குக் குறைகளை எழுதி அனுப்பினார்கள். வரி, உப்பு, நீதி என்று பெரிய விஷயங்களுக்கு நடுவே புறா மறுபடி மறுபடி வருகிறது. ஆகஸ்ட் 4 இரவு தேசிய சபை நிலப்பிரபுத்துவச் சலுகைகளை ஒழித்தபோது, அந்த ஆணையின் இரண்டாவது விதியே புறாமாடம் பற்றியது. பிரத்யேக உரிமை ரத்து. எந்தக் காலத்தில் புறாக்களை அடைத்துவைக்க வேண்டும் என்பதை அந்தந்த ஊர்ச்சமூகம் தீர்மானிக்கும். அக்காலத்தில் தன் நிலத்தில் இறங்கும் புறாவை எவனும் கொல்லலாம்.

நான் இதைப் பறவைகளுக்கு எதிரான ஆவணமாகப் படிக்கவில்லை. பறவைவீட்டின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பார்க்கச் சொல்லும் ஆவணமாகப் படிக்கிறேன். இஸ்தான்புல்லில் 18ஆம் நூற்றாண்டு மசூதிகளின் வெளிச்சுவர்களில், உஸ்குதாரின் அயாஸ்மா மசூதி போன்றவற்றில், குருவிகளுக்கென்று கல்லில் செதுக்கிய மாடமாளிகைகள் இருக்கின்றன. காற்றடிக்காத பக்கமாக, பூனை எட்டாத உயரத்தில், குவிமாடமும் சாளரமுமாக. அவற்றைப் படத்தில் பார்க்கிற யாருக்கும் மனசு இளகும். எனக்கும் இளகியது. அவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதாலோ என்னவோ, அவற்றைப் பற்றி யோசிக்க எனக்கு மேற்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை.

யோசிக்க வைத்தது சிவகங்கை மாவட்டத்தில் நடந்த ஒரு சம்பவம். 2020ல், ஊரடங்கு அமலில் இருந்த காலம். பொத்தகுடி என்ற கிராமத்தில் தெருவிளக்குகளின் மெயின் சுவிட்ச் இருக்கும் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. முப்பதுக்கு மேற்பட்ட விளக்குகளுக்கு அந்த ஒரு பெட்டி. விளக்கைப் போட வேண்டுமானால் கூட்டுக்குள் கைவிட வேண்டும். ஊர்க்காரர் ஒருவர் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஊராருக்கு அனுப்பி, குஞ்சு பறக்கும்வரை விளக்கைப் போடாமல் இருப்போமா என்று கேட்டார். பேசினார்கள். ஒரு பறவைக்காக ஊரே இருட்டில் கிடப்பதா என்று ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள். பஞ்சாயத்திலும் பேச வேண்டியிருந்தது. முடிவில் ஒரு மாதத்துக்கு மேல் ஊர் இருட்டில் இருந்தது. குஞ்சுகள் பறந்தன. பத்திரிகைகள் நெகிழ்ந்து எழுதின, பாரி வள்ளலையும் துணைக்கு அழைத்துக்கொண்டு.

பாரியை அழைத்தது தப்பு என்று நினைக்கிறேன். பாரி யாரையும் கேட்கவில்லை. அவன் தேர், அவன் கொடுத்தான். அது கொடை, அதில் பேச்சுக்கு இடமில்லை. பொத்தகுடியில் நடந்தது வேறு வகைக் காரியம். இருட்டு ஒருவருடைய சொத்து அல்ல. அதைத் தனியாக யாரும் தானம் செய்ய முடியாது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். அந்த ஆட்சேபம்தான், என் அபிப்பிராயத்தில், அந்த நிகழ்ச்சிக்கு கௌரவம் தருகிறது. ஆட்சேபித்தவர் இல்லாதிருந்தால் அது எங்கள் ஊர்க் கூட்டத்தைப் போல ஆகியிருக்கும். இருந்தாலும் ஒரு உறுத்தல் மிஞ்சுகிறது. இருட்டின் செலவு எல்லோருக்கும் சமமல்ல. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு விலை, ராத்திரி வேலை முடிந்து தெருக்கோடி வீட்டுக்கு நடக்கும் பெண்ணுக்கு ஒரு விலை, பாம்பு அடையும் புதரோரத்துக் குடிசைக்கு ஒரு விலை. அந்த வாட்ஸ்அப் குழுவில் இவர்களெல்லாம் இருந்தார்களா? செய்திகளில் அது இல்லை. செய்திகள் குஞ்சுகளின் படத்தைப் போட்டன.

இன்னொன்று. அந்த இருட்டுக்கு ஒரு முடிவுநாள் இருந்தது. குஞ்சு பறந்ததும் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். பூச்சி மருந்தைக் குறைப்பதற்கோ, முற்றத்தில் கொஞ்சம் மண்ணை விட்டுவைப்பதற்கோ, மன்றத்தை மறுபடி புழுதியாக்குவதற்கோ அப்படி ஒரு நாள் கிடையாது. இந்த வேறுபாட்டை வைத்து அந்த ஊரைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஒரு மாத காலம் இருட்டில் நடந்து பார்த்தவர்களோடு மற்றதைப் பேசத் தொடங்கலாம். எங்கள் ஊரில் யாரோடு தொடங்குவது?

எங்கள் கிளை வாசலில் மாட்டிய பெட்டிக்குக் குருவி வரவில்லை. குளிர்சாதனத்தின் வெளி யந்திரத்துக்கு நேர் மேலே, மதிய வெயில் நேராக விழும் இடத்தில் அதை மாட்டியிருக்கிறார்கள், போட்டோ நன்றாக விழும் என்பதற்காக. இரண்டு பல்லிகள் இருக்கின்றன. எதிர் வரிசையில் அண்ணாச்சியின் மண்டியில் குருவி இருக்கிறது. ரோலிங் ஷட்டர் சுருளும் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில், வைக்கோலும் சாக்கு நூலும் அடைத்து, யாரும் எந்த அளவிலும் துளைத்துத் தராத ஒரு இடத்தில். ஷட்டரை முழுக்கத் தூக்கினால் கூடு நசுங்கும். ஆகவே குஞ்சு இருக்கும் நாட்களில் அண்ணாச்சி அதை முக்காலுக்குத்தான் தூக்குகிறார். பணம் கட்ட வந்தபோது இதைச் சொன்னார். நான் மிகவும் நன்றாகச் செய்தீர்கள் என்றேன். அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் முதுகில் சுமையோடு இடுப்பு வரை குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவங்ககிட்ட கேட்டீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

கேட்கவில்லை என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் கேட்டிருக்கிறார். ஆறு பேரில் நான்கு பேர் சரி என்றார்கள். ஒருவர் சிரித்தார். ஒருவர் முடியாது என்றார். அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம், மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டைகளைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுவரலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சந்து அண்ணாச்சிக்குச் சொந்தமானதல்ல.